மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மலை அடக்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூக்கு, சைனஸ் (மூக்கைச் சுற்றி முக எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள்) ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குத் திரும்பியவர்கள் எழுதியவை. ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான். அதற்கப்புறம் வீட்டில் கழிகிற வாரங்களைப் பற்றித்தான் எல்லோருக்கும் சந்தேகம். எனவே பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

டாக்டர், மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்து, கூடவே சைனஸையும் திறந்துவிட்டார்கள். இன்று ஐந்தாவது நாள். முன்பு ஒரு பக்கமாவது மூச்சு வந்தது, இப்போது இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. இதற்காகவா ஆபரேஷன் செய்துகொண்டேன் என்று அழுகை வருகிறது.

உங்கள் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெட்டிச் சரிசெய்த இடமெல்லாம் வீங்கியிருக்கிறது. உறைந்த ரத்தமும் காய்ந்த சளியும் சேர்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. தண்டு, அதாவது மூக்கின் நடுச்சுவர், நேராக நிற்பதற்காக இரண்டு பக்கமும் சிலிக்கான் தகடு வைத்திருக்கலாம், தானாகக் கரையும் பஞ்சும் அடைத்திருக்கலாம். இத்தனைக்கும் நடுவே காற்று எப்படிப் போகும்? மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் வரை அடைப்பு அதிகமாகத் தெரிவதுதான் வழக்கம். ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சொல்லியிருந்தால் பாதி அழுகை குறைந்திருக்கும், நாங்கள்தான் அவசரத்தில் சொல்ல மறந்துவிடுகிறோம்.

தகடு வைத்திருந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் எடுப்பார்கள். அன்றைக்கே 'அட, இவ்வளவு காற்றா' என்று தோன்றும். மறுநாள் கொஞ்சம் அடைத்தாலும் பயப்பட வேண்டாம், அது திரும்ப வரும் வீக்கம். பொருக்கை டாக்டர் ஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாய் வைத்துப் பார்த்துச் சுத்தம் செய்வார், அதற்கு இரண்டு மூன்று முறை வரச் சொல்வார். 'நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்குப் போக வேண்டும்' என்று அந்த முறைகளைத் தவறவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். பொருக்கு அப்படியே கிடந்தால் இரண்டு புண்பட்ட சுவர்களும் ஒட்டிக்கொண்டு வளரும், கஷ்டப்பட்டுத் திறந்த வழி திரும்ப மூடிக்கொள்ளும். விரலாலோ பட்ஸாலோ நீங்களே நோண்டி எடுக்கவும் கூடாது. உள்தோல் முழுதாக ஆற ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், அதுவரை எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அடைப்போடு மூக்கின் நடுவில் விண்விண்ணென்று வலி ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ தண்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். அதை அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

என் கணவருக்கு மூக்கில் சதை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து அடக்குகிறார், ஆனால் சளியை மட்டும் பலமாகச் சிந்துகிறார். சொன்னால் கேட்பதில்லை. ஜிம்முக்குப் போகலாமா என்று வேறு கேட்கிறார்.

இரண்டையும் தலைகீழாகச் செய்கிறார். தும்மலை அடக்கினால் அந்த அழுத்தம் முழுவதும் புண்ணின் மேலும், சைனஸைக் கண்ணிலிருந்தும் மூளையிலிருந்தும் பிரிக்கிற எலும்பின் மேலும் போகும். அந்த எலும்பு சில இடங்களில் முட்டை ஓடு போல மெல்லியது. தும்மல் வந்தால் வாயை நன்றாகத் திறந்து 'ஆ' என்று தும்மட்டும், பக்கத்தில் யாராவது இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். சளியை உள்ளுக்கு இழுத்துத் துப்பலாம், அல்லது ஒழுகுவதைத் துடைத்துக்கொள்ளலாம். சிந்துவது இரண்டு வாரத்துக்கு வேண்டாம், அப்புறமும் சர்ஜன் சரி என்ற பிறகு மெதுவாக, ஒரு பக்கம் ஒரு பக்கமாகத்தான்.

ஜிம் பற்றி: எடை தூக்குவது, மூச்சைப் பிடித்து முக்குவது, தலைகுப்புறக் குனிவது மூன்றும் இரண்டு வாரத்துக்குக் கூடாது. நடக்கலாம், நடப்பது நல்லதும்கூட. மலச்சிக்கலில் முக்குவதும் எடை தூக்குவதற்குச் சமம்தான். வலி மாத்திரை சிலருக்கு வயிற்றைக் கட்டிவிடும், அதனால் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மலம் இளக மருந்து கேட்டு வாங்குங்கள். இரவில் தலையணையை இரண்டாக்கி, தலையும் மார்பும் சேர்ந்து உயர்ந்திருக்கும்படி படுக்கட்டும். கழுத்து மட்டும் மடங்கினால் வீக்கம் குறையாது, கழுத்துவலிதான் மிச்சம்.

புகை பிடிப்பவராக இருந்தால் இந்தச் சில வாரமாவது நிறுத்தச் சொல்லுங்கள். சளியை வெளியே தள்ளுகிற நுண்மயிர்களைப் புகை முடக்கிப்போடும். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொல்லியிருக்கிறார்கள். நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. ஸ்பிரே மட்டும் அடித்தால் போதாதா? குழாய்த் தண்ணீரை உபயோகிக்கலாமா?

போதாது. குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

இனி காரணம். சைனஸ் ஒவ்வொன்றுக்கும் இயற்கையாக ஒரு வாசல் உண்டு. உள்ளே இருக்கும் நுண்மயிர்கள் சளியை அந்த வாசலை நோக்கியே தள்ளும். பக்கத்தில் நாம் வேறு ஓட்டை போட்டாலும் சளி அதைச் சுற்றிக்கொண்டு பழைய வாசலுக்கே போகும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்க்ளிங்கர் என்ற டாக்டர் எண்டோஸ்கோப் வழியாக இதைப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்தார். இன்றைய சைனஸ் ஆபரேஷனே அந்தக் கவனிப்பிலிருந்து வந்ததுதான், புது ஓட்டை போடாமல் பழைய வாசலை அகலப்படுத்துவது. ஆனால் ஆபரேஷன் முடிந்த கையோடு அந்த நுண்மயிர்கள் வேலை செய்யாது, திரும்ப முளைத்து ஒழுங்காக அசைய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அவற்றின் வேலையைச் செய்ய வேண்டியது உங்கள் உப்புத் தண்ணீர்தான். ஸ்பிரே ஈரப்படுத்தும், பொருக்கை அடித்துக்கொண்டு போகாது. 240 மில்லி பாட்டிலை அழுத்திக் கழுவினால்தான் போகும்.

தண்ணீர்: நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய பிறகும் குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்தது. அல்லது கடையில் விற்கும் வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்). குடிக்கிற தண்ணீர்தானே என்று குழாயில் பிடித்து ஊற்றாதீர்கள். நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இரண்டு பேர் இப்படி இறந்தார்கள். மிக மிக அபூர்வம்தான், ஆனால் ஒரு நிமிடக் கொதியில் தவிர்க்கக்கூடிய விஷயம்.

கலவை: அயோடின் சேர்க்காத உப்பு மூன்று பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு கலந்து உலர்ந்த டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். 240 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு அதில் ஒரு டீஸ்பூன். எரிச்சலாக இருந்தால் அளவைக் குறைக்கலாம். அளந்து கலக்க அலுப்பாக இருந்தால் பொட்டலமாகவே விற்கிறார்கள். வெறும் தண்ணீர்தான் ஊசி குத்துவது போல எரியும், உப்பு சரியான அளவில் இருந்தால் எரியாது.

மூச்சு முட்டும் பயத்துக்கு ஒரே வழி: வாஷ்பேசின் மேல் லேசாகக் குனிந்து, வாயைத் திறந்து, 'ஆ...' என்று சத்தம் விட்டுக்கொண்டே அழுத்துங்கள். சத்தம் வரும்போது தொண்டைப் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். முதல் முறை எல்லாம் சொதப்பலாகத்தான் இருக்கும், மூன்றாம் நாள் நீங்களே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள். எந்த நாளில் தொடங்குவது, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதை உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள், ஆபரேஷனைப் பொறுத்து அது மாறும். பாட்டிலை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவையுங்கள்.

கழுவி முடித்து ஒரு மணி நேரம் கழித்துக் குனிந்தால் திடீரென்று மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. மூளைத் தண்ணீராக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

கழுவிய தண்ணீர் கன்னத்து சைனஸுக்குள் தங்கிவிட்டு, குனியும்போது வெளியே வருவது அநேகமாக எல்லோருக்கும் நடக்கும். கழுவிய சில மணி நேரத்துக்குள் வந்து நின்றுவிட்டால் அது கழுவிய தண்ணீர்தான். கழுவி முடித்ததும் தலையை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்து வடித்துவிடுங்கள், குறையும்.

நீங்கள் பயப்படுகிற விஷயமும், அதாவது மூளையைச் சுற்றியிருக்கும் நீர் மூக்கு வழியாகக் கசிவது, கற்பனையில்லை. அது அபூர்வம், நூறில் ஒருவருக்குக்கூட வராது. அது எப்படி இருக்கும் என்றால், கழுவாத நேரத்திலும் நிறமில்லாமல் வெறும் தண்ணீர் போல, பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சொட்டும். குனிந்தாலோ முக்கினாலோ கூடும், தொண்டையில் உப்புக் கரிக்கும், எழுந்து உட்கார்ந்தால் தலைவலி அதிகமாகும். சந்தேகமாக இருந்தால் ஒரு சுத்தமான சின்னப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள், சோதித்துச் சொல்லிவிடுவார்கள்.

நேரம் காலம் பார்க்காமல் எமர்ஜென்சிக்குப் போக வேண்டியது எதற்கென்றால், கண்ணைச் சுற்றி வீங்குவது, பார்வை மங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, கழுத்தை மடக்க முடியாமல் காய்ச்சலும் பலத்த தலைவலியும் வருவது. இவற்றுக்குக் காலை வரை காத்திருக்கக் கூடாது.

நான்கு நாளாக டிஷ்யூவில் ரத்தம் படிகிறது. எவ்வளவு வரை சரி? வலிக்கு இப்யூபுரூஃபென் போடலாமா?

சளியோடு கலந்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ வருவது ஒரு வாரம் வரைகூடச் சரிதான். பழைய கறுத்த கட்டி வந்தாலும் பதறாதீர்கள். புது ரத்தம் நிற்காமல் ஓடினால் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை லேசாக முன்பக்கம் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே விட்டுப் பார்க்கக் கூடாது. அண்ணாந்தால் ரத்தம் வயிற்றுக்குள் போய் வாந்திதான் வரும். அப்படியும் நிற்காவிட்டால் கிளம்புங்கள்.

இப்யூபுரூஃபென், ஆஸ்பிரின் வகை ரத்தம் உறைவதைக் குறைக்கும், சர்ஜன் சொன்னாலொழிய வேண்டாம். மீன் எண்ணெய் மாத்திரையும் அப்படியே. பாராசிட்டமால் போதும், ஆனால் சளி மாத்திரை பலவற்றுள்ளும் அது ஒளிந்திருக்கும், இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தவோ தொடங்கவோ கூடாது.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். இன்னும் எந்த வாசனையும் தெரியவில்லை.

மூன்று வாரம் சீக்கிரம். வாசனை நரம்பு மூக்கின் கூரையில் இருக்கிறது, வீக்கமும் பொருக்கும் கடைசியாக விலகுவது அங்கேதான். சதை வளர்ந்திருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடரச் சொல்வார்கள், 'ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே' என்று விட்டுவிடாதீர்கள். சதை திரும்ப வளரும் குணமுள்ளது. மூன்று மாதம் ஆகியும் வராவிட்டால் வாசனைப் பயிற்சி செய்து பார்க்கலாம். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் சில வினாடிகள் கவனமாக முகர்வது. 2009-ல் ஜெர்மனியில் ஹம்மல் என்ற டாக்டரின் குழு பன்னிரண்டு வாரம் இதைச் செய்யவைத்து, சிலருக்குப் பலன் இருந்ததைக் காட்டியது. சாதுவான வைத்தியம், பொறுமைதான் வேண்டும். அதுவரை எரிவாயு கசிந்தாலும் எதுவும் கருகினாலும் உங்களுக்குத் தெரியாது, வீட்டில் இன்னொருவர் மூக்கை நம்பியிருங்கள்.

மேல் முன்பற்கள் இரண்டும் மரத்துப்போய் இருக்கின்றன. பல் டாக்டரிடம் போகவா?

வேண்டாம். தண்டு ஆபரேஷனில் அந்தப் பக்கம் இறங்கும் சின்ன நரம்பு இழுபட்டிருக்கும். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகச் சரியாகும்.

பத்தாவது நாள் விமானத்தில் போக வேண்டியிருக்கிறது. போகலாமா?

தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள், பொதுவாக இரண்டு வாரம் பொறுக்கச் சொல்வோம். முடியாது என்றால் டிக்கெட் எடுப்பதற்கு முன் சர்ஜன் ஒருமுறை ஸ்கோப் போட்டுப் பார்க்கட்டும்.