ஒன்றரை வயசுப் பிள்ளையின்ட வளர்ச்சி செக்கப்புக்கு என்ன ஆயத்தம் செய்யோணும்?

திருகோணமலையில இருந்து கேட்டிருக்கிறீங்க, மிட்வைஃப் மிஸ் 18 மாசத்துக்கு கிளினிக் வரச்சொன்னவா, மகன் கதைக்கிறது குறைவு, பயமா இருக்கு எண்டு. முதல்ல, அது பரீட்சை இல்ல, பாஸ் ஃபெயில் ஒண்டும் இல்ல. முக்கூட்டுத் தடுப்பூசியும் (தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி மூண்டுக்கும் எதிரானது) அண்டைக்கே போடுவினம், கிளினிக் கொப்பிய மறக்காதீங்கோ.

ஒரு கிழமைக்கு முன்னமே வீட்டில கவனிச்சு எழுதி வையுங்கோ, அங்க போனா பிள்ளை அழுதுகொண்டு ஒண்டும் செய்யாது. தனிய நடக்கிறானா, அம்மா அப்பா தவிர மூண்டு சொல்லாவது சொல்றானா (தண்ணிக்கு "ண்ணி" எண்டாலும் சொல்தான்), "பந்தை எடு" எண்டா கை காட்டாமலே விளங்குதா. எனக்கு முக்கியமாப் படுறது, திருகோணமலைக் கோட்டைக்குள்ள திரியிற மானைக் கண்டா விரல் நீட்டிக் காட்டிட்டு உங்கட முகத்தையும் பாக்கிறானா எண்டது. போன்ல ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கோ.

பின்னால நிண்டு கூப்பிட்டா திரும்பாட்டி காது செக் பண்ணக் கேளுங்கோ. முன்னம் கதைச்ச சொல்லை இப்ப விட்டிட்டான் எண்டா கிளினிக் நாள் வரைக்கும் இருக்காதீங்கோ, உடனே காட்டுங்கோ. "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்" எண்டு மாமி சொல்லுவா, சொல்லட்டும்.