மலைக் குளிருக்கு எந்த ஸ்லீப்பிங் பேக்? வாசகர் கேள்வி பதில்

மலையகத்தில் கூடாரம் அடித்துத் தங்குவது பற்றி வந்த கேள்விகளில், ஸ்லீப்பிங் பேக் தொடர்பானவற்றை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: தை மாதம் நண்பிகளோடு ஹோட்டன் சமவெளியில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். கடையில் பார்த்த பையின் சீட்டில் 9, 5, −8 என்று மூன்று எண்கள் இருந்தன. "மைனஸ் எட்டு வரை தாங்கும்" என்றார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?
– உப்புவெளி வாசகி

பதில்: அந்த −8 ஐ நம்பி வாங்காதீர்கள். மூன்றும் ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேச நியமப்படி அளக்கப்படும் எண்கள். சூடேற்றிய மனித உருவப் பொம்மைக்கு நீளக் கை உள்ளாடையும் காலுறையும் போட்டு, கீழே மெத்தை விரித்து, குளிர் அறையில் பைக்குள் கிடத்தி அளக்கிறார்கள். முதல் எண் 'கம்ஃபர்ட்'. சராசரிப் பெண் ஒருவர் உடலைத் தளர்த்திப் படுத்து நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை அது. இரண்டாவது 'லிமிட்'. சராசரி ஆண் ஒருவர் முடங்கிப் படுத்து, நடுக்கமில்லாமல் இரவைக் கழிக்கும் எல்லை. மூன்றாவது 'எக்ஸ்ட்ரீம்'. அந்தக் குளிரில் ஆறு மணி நேரம் உயிர் தப்பி இருக்கலாம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. தூங்கவே முடியாது, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும். பையின் முகப்பில் பெரிய எழுத்தில் இந்த மூன்றாவது எண்ணையே அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். மலிவான பல பைகளில் இந்தச் சோதனையே நடப்பதில்லை. ஒரே ஒரு எண் மட்டும் போட்டிருந்தால் அது எக்ஸ்ட்ரீம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இனி உங்கள் இரவின் கணக்குக்கு வருவோம். உயரம் கூடக் கூட 1000 மீற்றருக்குச் சுமார் 6.5 பாகை வெப்பம் குறையும். உப்புவெளியில் தை மாத இரவு 24 பாகை என்றால், ஏறத்தாழ 2100 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹோட்டன் சமவெளியில் 10 பாகை இருக்க வேண்டும். ஆனால் மேகமில்லாத இரவில் புல்வெளி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். தை, மாசி விடியற்காலைகளில் அங்கே 5 பாகைக்குக் கீழே போவதும், சில நாட்களில் புல்லில் உறைபனி படிவதும் இதனால்தான்.

ஆகவே கம்ஃபர்ட் எண் 3 முதல் 5 பாகைக்குள் இருக்கும் பையைப் பாருங்கள். கரையோர வெக்கையில் வளர்ந்த உடம்புக்கு 10 பாகையே நடுக்கம் தரும் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். அதேபோல −5, −10 என்று தேடிப் போவதும் வீண் சுமை. இரவில் வியர்க்கும், வியர்வை பஞ்சில் இறங்கும், மறுநாள் இரவு அதே பை ஈரத்தோடு குளிரும். எடையைக் குறைக்க முதல் வழி, தேவைக்கு மிஞ்சிய சூட்டை வாங்காமல் இருப்பதுதான்.

கம்ஃபர்ட் 9 உள்ள அந்தப் பைதான் கைக்கு எட்டுகிறது என்றால், உலர்ந்த உள்ளாடை, ஃப்லீஸ் ஜம்பர், காதை மூடும் கம்பளித் தொப்பி, பைக்குள் போட்டுப் படுக்கும், சுமார் 130 கிராம் எடையுள்ள பட்டு லைனர் (மெல்லிய உள்ளுறை) ஆகியவற்றோடு சமாளிக்கலாம். ஜம்பர் இறுக்கமாக இருந்து பையை உள்ளிருந்து தள்ளக்கூடாது. தள்ளினால் பஞ்சு நசுங்கி, உடுப்பு கூடியும் சூடு குறையும்.

சமவெளிக்குள் வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடங்களில், முன்கூட்டியே அனுமதி எடுத்துத்தான் தங்கலாம். அந்த இடத்துக்குள்ளேயே சற்று மேடான, மரங்களை ஒட்டிய பக்கத்தைப் பிடியுங்கள். இன்னொன்று, நுழைவாயிலில் பொலித்தீனைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். பையை சொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டுபோனால் வாசலிலேயே அது உறையில்லாமல் நிற்கும். வாய் சுருட்டி மூடும் நைலோன் உலர்பை ஒன்றைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: டவுன் பை பாதி எடைதான் என்கிறார்கள், விலையோ இரண்டு மடங்கு. நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு எது நல்லது?
– கிண்ணியா வாசகர்

பதில்: நக்கிள்ஸுக்கு செயற்கைப் பஞ்சு. டவுன் என்பது வாத்தின் மார்பில் இருக்கும் மென்தூவி. ஒவ்வொரு தூவியும் விரிந்து, இடையில் காற்றைப் பிடித்து வைப்பதால்தான் சூடு நிற்கிறது. நனைந்தால் தூவிகள் ஒட்டிக் கட்டியாகிவிடும், பிடித்து வைக்கக் காற்று இருக்காது. வடகீழ்ப் பருவமழை அடிக்கும் கார்த்திகை, மார்கழியில் நக்கிள்ஸின் கிழக்குச் சரிவில் மழையும் மூடுபனியும் விடாது. கூடாரத்துக்குள் நம் மூச்சே துளியாகித் துணியில் படியும். இப்படி இரண்டு மூன்று இரவு காயவைக்க வழியில்லாமல் போனால் தூவிப் பை நாளுக்கு நாள் மெலியும். நீர் ஒட்டாமல் பதப்படுத்திய தூவி இந்த மெலிவைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. செயற்கை இழை நனைந்தாலும் ஓரளவு உப்பி நிற்கும், பிழிந்து காற்றில் போட்டால் விரைவாகக் காயும்.

எடை பாதி என்பது சற்றுக் கூட்டிச் சொன்ன கணக்கு. கம்ஃபர்ட் 5 பாகை அளவில் நல்ல தூவிப் பை 700 முதல் 900 கிராம் வரை வரும், அதே சூட்டுக்குச் செயற்கைப் பை 1.1 முதல் 1.4 கிலோ வரை வரும். நக்கிள்ஸின் மிக உயர்ந்த முனையே சுமார் 1900 மீற்றர்தான். நீங்கள் தங்கும் இடங்கள் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே என்பதால் கம்ஃபர்ட் 10 போதும். அந்த அளவில் செயற்கைப் பையும் ஒரு கிலோவுக்குள் வந்துவிடும்.

தூவிதான் வாங்குவேன் என்றால் 'ஃபில் பவர்' எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலத்துக்கு உப்பும் என்பதே அந்த எண். அது தரம், அளவல்ல. 800 தரத்தில் 200 கிராம் அடைத்த பையும், 550 தரத்தில் 290 கிராம் அடைத்த பையும் ஏறத்தாழ ஒரே சூட்டைத் தரும். அடைத்த தூவியின் எடையைச் சீட்டில் போடாத பையைத் தொடவேண்டாம்.

செயற்கைப் பஞ்சுக்கும் ஒரு குறை உண்டு. இறுக்கி அமுக்க அமுக்க இழைகள் முறிந்து, சில வருடங்களில் உப்பல் குறையும். அதனால் பழைய செயற்கைப் பையை யாரிடமாவது வாங்கும்போது அதன் எண்ணை நம்பாமல், உதறி விரித்து ஒரு மணி நேரம் விட்டு, மேல் பக்கத்தின் தடிப்பை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 5 பாகைக்கு ஒரு பக்கம் மட்டும் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நிற்க வேண்டும். 2 தான் இருந்தால் அது நம் வீட்டு மாரி காலத்துக்குத்தான்.

கேள்வி: பை நல்ல பை. மேலே சூடாக இருக்கிறது, முதுகு மட்டும் விறைக்கிறது. பன்பாய் விரித்துத்தான் படுத்தேன்.
– நிலாவெளி வாசகர்

பதில்: குறை பையில் இல்லை, பாயில். படுத்ததும் உங்கள் எடை கீழ்ப்பக்கப் பஞ்சை நசுக்கிவிடும். நசுங்கிய பஞ்சு சூடு தராது. நிலத்தின் குளிரைத் தடுப்பது கீழே விரிப்பதன் வேலை. பன்பாய் சீமெந்துத் தரையில் சுகம், ஈரப் புல்லின் மேல் அதன் தடுப்பு மிகச் சொற்பம்.

மெத்தைகளுக்கு ஆர் எண் உண்டு. நிலத்தின் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண் அது, கூடக் கூடத் தடுப்பும் கூடும். 2018 இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுச் சோதனை முறை வந்ததிலிருந்து, அதைப் பின்பற்றும் கம்பனிகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். 5 முதல் 10 பாகை இரவுக்கு ஆர் 2 முதல் 3 வரை தேவை. மடித்து எடுக்கும் மூடிய கண்ணறை ஃபோம் மெத்தை சுமார் 400 கிராமில் ஆர் 2 தரும். முள் குத்தினாலும் கெடாது, நனைந்தாலும் துடைத்துவிட்டுப் படுக்கலாம். வீட்டு மெத்தை ஸ்பொஞ்ச் வேண்டாம், தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். கடற்கரையில் மிதக்கும் காற்று மெத்தையும் வேண்டாம். உள்ளே தடுப்பில்லாத காற்று சுழன்று சுழன்று உடல் சூட்டை நிலத்துக்குக் கொண்டுபோகும்.

ஆர் எண்கள் கூட்டக்கூடியவை. ஆர் 2 மெத்தைக்குக் கீழே ஆர் 1 அளவுள்ள மெல்லிய யோகா மெத்தையைப் போட்டால் 3 ஆகும். கையில் வேறொன்றும் இல்லாவிட்டால் வெறுமையாக்கிய முதுகுப்பையை இடுப்புக்குக் கீழே விரியுங்கள். படுக்கும் முன் கெட்டியான போத்தலில் சுடுநீர் ஊற்றி, மூடியைக் கவிழ்த்துப் பார்த்து, காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வையுங்கள். சோடா வரும் மெல்லிய போத்தல் சுடுநீரில் சுருங்கிவிடும், அதில் ஊற்றாதீர்கள். முகத்தைப் பைக்குள் விட்டு மூச்சு விடும் பழக்கம் இருந்தால் அதைக் கைவிடுங்கள், அந்த ஈரமும் விடியற்காலைக் குளிரின் பங்காளிதான்.

கேள்வி: போன வருடம் வாங்கிய டவுன் பையை அதன் சிறிய உறையிலேயே அலுமாரியில் வைத்திருந்தேன். இப்போது பூஞ்சண மணம், கை வைத்தால் கட்டி கட்டியாக இருக்கிறது. கழுவலாமா?
– மூதூர் வாசகர்

பதில்: கழுவலாம், ஆனால் காலம் பார்த்துக் கழுவுங்கள். மாரியில் தொடவேண்டாம். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் வீசும் நாட்களே இதற்கு ஏற்றவை. காய்வதுதான் முக்கால் வேலை.

பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் குளிர்ந்த அல்லது இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, தூவிக்கென்று விற்கும் திரவச் சவர்க்காரத்தை அதன் போத்தலில் சொன்ன அளவுக்குக் கலந்து, சிப்பை மூடிய பையை அமிழ்த்தி மெதுவாக அமுக்குங்கள். சாதாரண சலவைத் தூள் தூவியின் இயற்கை எண்ணெயைக் கழற்றிவிடும். துணி மென்மையாக்கும் திரவமும் பிளீச்சும் கூடவே கூடாது. நுரை நிற்கும்வரை மூன்று நான்கு தடவை அலசுங்கள். கடலோர வீட்டுக் கிணறு உவராக இருந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். உப்பு உள்ளே தங்கினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பலர் பையைக் கெடுப்பது தொட்டியிலிருந்து தூக்கும்போதுதான். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீர்ப் பாரம் முழுவதும் ஒரு பக்கம் இறங்கி, தூவியை அறை அறையாகப் பிரிக்கும் உள் துணிகள் கிழிந்துவிடும். முறுக்கிப் பிழியவும் வேண்டாம். தொட்டியிலேயே உருட்டி அமுக்கித் தண்ணீரை வெளியேற்றி, இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுங்கள்.

வலைக் கட்டிலிலோ இரண்டு கொடிகளுக்குக் குறுக்காகவோ நிழலில் விரியுங்கள். நேர்வெயில் மெல்லிய நைலோனை நாளடைவில் இற்றுப்போகச் செய்யும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி, கட்டிகளை விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். கச்சானிலும் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வெளித்துணி காய்ந்ததும் முடிந்தது என்று நினைக்காதீர்கள், உள்ளே கட்டி இருக்கும்வரை ஈரமும் இருக்கிறது. பெரிய ட்ரையர் உள்ள சலவைக் கடை கிடைத்தால், குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு சுழலவிட்டால் சில மணி நேரத்தில் வேலை முடியும்.

அதன்பிறகு அந்தச் சிறிய உறைக்குள் பயண நாளில் மட்டுமே போகட்டும். வீட்டில் பழைய பருத்தித் தலையணை உறைகள் இரண்டை இணைத்துத் தைத்த பெரிய பையில் தளர்வாகப் போட்டு, சுவரில் முட்டாமல் தொங்கவிடுங்கள். மாரி மாதங்களில் வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் வெளியே எடுத்து உதறுங்கள்.

கேள்வி: சிவனொளிபாதமலைக்கும் பெக்கோ ட்ரெயிலுக்கும் ஸ்லீப்பிங் பேக் தேவையா?
– திருகோணமலை நகர வாசகி

பதில்: இரண்டுக்கும் தேவையில்லை. டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரையான பருவத்தில் மலைக்குப் போகிறவர்கள் இரவில் ஏறி விடியலைப் பார்த்து இறங்குகிறார்கள். 2243 மீற்றர் உச்சியில் உங்களைக் குளிரவைப்பது வியர்த்து நனைந்த சட்டையும் காற்றும்தான். மாற்ற ஒரு உலர்ந்த சட்டை, காற்றுப் புகாத மேலங்கி, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பெக்கோ ட்ரெயில் என்ற மலையக நடைபாதை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் போனாலும், இரவில் விடுதிகளில் தங்கி நடக்கலாம். மலையகத்தின் சில விடுதிகளில் கம்பளிகள் ஈர மணம் அடிக்கும் என்பதால் பட்டு லைனர் ஒன்று போதும்.

கேள்வி: கடையில் வைத்து எதையெதைச் சோதிப்பது? என் உயரம் 5 அடி 11 அங்குலம்.
– சீனக்குடா வாசகர்

பதில்: கூச்சப்படாமல் கடைத் தரையில் விரித்து, உள்ளே படுத்து, தலைமூடிக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். கால்விரல் நுனி முட்டி உறையை இழுத்தால் அந்த இடத்தில் பஞ்சு நசுங்கிக் கால் குளிரும். 'ரெகுலர்' அளவு பொதுவாக 6 அடி வரை என்பார்கள். உங்கள் உயரத்தில் அது விளிம்பு, நீளமானதையும் கேட்டுப் பாருங்கள். தோளை ஒரு பக்கம் புரட்ட முடிய வேண்டும்.

டோர்ச் லைட்டை உள்ளே பிடித்து வெளியிலிருந்து பாருங்கள். தூவிப் பையென்றால் வெளிச்சம் பளிச்சென்று தெரியும் இடங்களில் தூவி இல்லை என்று அர்த்தம். உள்துணியையும் வெளித்துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்த கோடுகளில் சூடு கசியும். 5 பாகைக்கு மேல் அது பொறுக்கக்கூடியதுதான். சிப்பின் உட்பக்கம் முழு நீளத்துக்கும் பஞ்சு அடைத்த ஒரு குழாய் ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் குளிர் சிப் வழியாகவே உள்ளே வரும். பிறகு, இருட்டில் செய்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, படுத்தபடி ஒரு கையால் சிப்பை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். மெல்லிய துணியைத் திரும்பத் திரும்பக் கவ்வும் சிப் என்றால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பையை அங்கேயே விட்டுவிடுங்கள்.