பதில்: பிள்ளைகளோடு வீட்டிலிருந்து கால் சென்டர் வேலை

சகோதரி, டர்பனில் வீட்டிலிருந்தே வேலை, பள்ளி மூடியிருப்பதால் பக்கத்தில் நாலு வயதிலும் ஏழு வயதிலும் பிள்ளைகள், மேலாளர் மதியம்கூட எழுந்திருக்க விடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துப்போனது.

முதலில் அந்த மதிய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தால் 1 மணி நேர உணவு இடைவேளை உண்டு. எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் 30 நிமிடமாகக் குறையலாம். அரசு வைத்த சம்பள வரம்பைத் தாண்டியவர்களுக்கு இது பொருந்தாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலேயே கேளுங்கள், ஃபோனில் வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வருடத்துக்கு 3 நாள் சம்பளத்தோடு குடும்ப விடுப்பும் இருக்கிறது. பள்ளி மூடியிருப்பதற்கு அது கிடைக்காது.

பள்ளி திறக்கும்வரை பெரியவனுக்குக் காலையில் அரை மணி வாசிப்பு போதும், மீதியை விடுங்கள். என் சின்னவள் ஹெட்செட் வயரை இழுத்துக்கொண்டே இருப்பாள். பழையது ஒன்றை அவள் காதில் மாட்டிவிட்டேன். இப்போது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக்கு "ஹலோ" சொல்கிறாள்.

லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) இருந்தால் அதன் அட்டவணையை முதல் நாளே மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம், கணவர் வீட்டில்தானே இருக்கிறார்? மதியச் சாப்பாடு ஊட்டுவது அவர் பொறுப்பாகட்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.