புதிதாகக் கிறிஸ்தவச் சபை தொடங்குகிறவர்களுக்கு: கேள்வி பதில்

விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் 31 வருஷம் ஊழியம் செய்திருக்கிறேன். நான்கு சபைகள் தொடங்கினேன். மூன்று நிற்கின்றன, ஒன்று கலைந்துவிட்டது. அதில் கற்றதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வேதாகமக் கல்லூரி முடித்துவிட்டேன், ஐயா. புது ஊரில் முதலில் ஒரு ஹால் வாடகைக்குப் பிடிக்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. முதல் வருஷம் வீடுகளே போதும். யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருடைய கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், எந்த வீட்டில் இருட்டினால் குடிச்சண்டை என்பது தெரியாமல் பிரசங்கம் செய்தால் கேட்க ஆள் இருக்காது. என் முதல் ஊரில் சாயங்காலம் 6 மணிக்கு ஜெபம் வைத்தேன். இரண்டு மாதம் யாரும் வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் போன பெண்கள் வீடு திரும்பிச் சோறாக்கி முடிக்கவே 8 மணி ஆகும் என்று அப்புறம்தான் தெரிந்தது. எட்டரைக்கு மாற்றினேன். அந்த வாரமே ஐந்து பேர் வந்தார்கள்.

கேள்வி: எங்கள் சபையில் 40 பேர் சேர்ந்துவிட்டோம். 3 சென்ட் மனை கிடைக்கிறது. இப்போதைக்கு என் பேரில் வாங்கிக் கட்டிவிடலாமா?

பதில்: உங்கள் பேரில் வாங்காதீர்கள். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு செய்யலாம். இல்லையென்றால் அறக்கட்டளை எழுதுங்கள். பத்திரம் அதன் பேரில் இருக்கட்டும். கலைந்துபோனதாகச் சொன்னேனே, அந்தச் சபையின் மனை ஒரு தனி ஆள் பேரில்தான் இருந்தது. அவர் நல்ல மனிதர். அவர் இறந்த பிறகு பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை வந்தது, எங்கள் கூரைக்கொட்டகை போயிற்று. கட்டும் முன் ஆட்சியரின் அனுமதியும் வாங்க வேண்டும். வழிபாட்டுத் தலத்துக்கு அது கட்டாயம். வீடு என்று பிளான் போட்டுவிட்டு ஆலயமாக மாற்றினால் சீல் வைக்கும்போது எதிர்த்துப் பேச வாய் இருக்காது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ஒருவர் பணம் அனுப்புகிறேன் என்கிறார்.

பதில்: 2010ஆம் வருஷ அந்நியப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தவர்கள் ஆட்களும் பணமும் நிர்வாகமும் நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அப்படித்தான் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் வரைக்கும் ஆள் அனுப்பினார்கள்.

கேள்வி: எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு நானே திருமணம் நடத்தி வைக்கலாமா?

பதில்: அரசு உரிமம் இருக்கிறதா? 1872ஆம் வருஷ இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதிகாரம் இல்லாதவர் திருமணம் நடத்துவது குற்றம். 10 வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. உரிமம் பெற்ற ஊழியரை அழைத்து நடத்தச் சொல்லி, நீங்கள் செய்தி கொடுங்கள். தாலி கட்டிய பெண்ணுக்குக் கையில் சான்றிதழ் இல்லாமல் போகும்படி செய்யாதீர்கள்.

கேள்வி: என் கணவர் ஊழியத்துக்கு வந்து 4 வருஷம் ஆகிறது. காணிக்கை வாடகைக்கே போதவில்லை. அவருக்குத் தெரியாமல் கம்மலை அடகு வைத்துப் பள்ளிக் கட்டணம் கட்டினேன். குறை சொன்னால் விசுவாசம் இல்லை என்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மகளே, இதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். உங்கள் கணவரும் வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகட்டும். நான் 6 வருஷம் காலையில் பால் சொசைட்டியில் கணக்கு எழுதினேன். பால் ஊற்ற வந்தவர்களில் நான்கு குடும்பங்கள் பிறகு சபைக்கு வந்தன. என் மனைவியும் இப்படித்தான் வளையலை அடகு வைத்தாள். இரண்டு வருஷம் கழித்துத்தான் சொன்னாள். அதற்குள் நகை ஏலத்துக்குப் போய்விட்டது. இன்றைக்கும் அவள் கையைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது. இன்று ராத்திரியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆலய மனைப் பத்திரம் என் மனைவி பேரில் இருக்கலாமா?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன். மனைவி பேரிலும் வேண்டாம்.

கேள்வி: இயேசுவின் இரகசிய வருகை, கடைசிக் கால உபத்திரவத்துக்கு முன்னா, பின்னா?

பதில்: இங்கே சபை தொடங்குவதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கேள்வி: நான் நாசரேத் பக்கம் உபதேசியார், குருவானவருக்குக் கீழே ஓர் ஊர்ச் சபையைக் கவனிக்கிறவன். உங்களைப் போன்றவர்கள் புதிய சபை என்று சொல்லி எங்கள் சேகரத்து (ஒரு குருவானவரின் கீழுள்ள ஊர்ச் சபைகளின்) ஆட்களைத்தானே கூட்டிப் போகிறீர்கள்? இது ஆடு திருடுவது இல்லையா?

பதில்: பல இடங்களில் நடப்பது அதுதான். நானும் செய்திருக்கிறேன். மூன்றாம் வருஷம் பக்கத்துச் சேகரத்திலிருந்து மூன்று குடும்பங்கள் வந்தபோது, வளர்ச்சி என்று சாட்சி சொன்னேன்.

கேள்வி: நான் எந்தச் சபை அமைப்பையும் சேராத ஒரு சுயாதீன சபைப் போதகர், இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே மேய்ச்சல் இல்லாததால் ஆடு வருகிறது. வருகிறவர்களைத் துரத்தவா?

பதில்: துரத்தச் சொல்லவில்லை தம்பி. ஆனால் வந்தவர் ஏன் வந்தார் என்று விசாரித்தீர்களா? என்னிடம் வந்த மூன்று குடும்பங்களில் ஒன்று ஆலய விருந்தான அசனத்தில் பந்தி விஷயமாக வந்த சண்டையில் கோபித்துக்கொண்டு வந்தது. மேய்ச்சலைத் தேடி வரவில்லை. அதே கோபத்தோடு எங்களிடமிருந்தும் போனது.

நடந்ததை முழுக்கச் சொல்கிறேன். அந்த மூன்றாம் வருஷத்தில்தான் எங்கள் சபையில் முதல் மரணம். 70 வயதுப் பாட்டி, இந்துக் கோவில் வழக்கத்திலிருந்து எங்கள் ஜெபத்துக்கு வந்தவர். ஊர்ச் சுடுகாட்டில் இடம் இல்லை என்றார்கள். எங்களுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. மே மாதம், மத்தியானம் ஆகிவிட்டது, ஐஸ் பெட்டியும் கிடைக்கவில்லை. பாட்டியின் மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரிடமிருந்து மூன்று குடும்பங்களைக் கூட்டி வந்தேனோ, அந்தக் குருவானவர் செய்தி கேட்டு சைக்கிளில் வந்தார். தம் கமிட்டியிடம் பேசி, அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் வேலியோரம் இடம் கொடுத்தார். குழி வெட்டியவர்களும் அவருடைய வாலிபர்கள்தான். ஜெபத்தை நீங்களே செய்யுங்கள் என்று என்னை முன்னால் விட்டார். குடும்பங்களைப் பற்றி அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் நானே போய் மன்னிப்புக் கேட்டேன்.

1799இல் சாத்தான்குளம் பக்கத்தில் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம், சொந்த ஊரில் வாழ முடியாத விசுவாசிகளுக்காக நிலம் வாங்கி முதலூர் என்ற ஊரை உண்டாக்கினார். குடியிருக்க இடம், சாகும்போது புதைக்க இடம் இரண்டும் சேர்ந்தால்தான் சபை. ஞாயிறு ஆராதனைக்கு எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நாம் இரண்டாவதை யோசிப்பதே இல்லை.

கேள்வி: 20 பேர் கூடும் எங்கள் ஜெபத்துக்கு ஒலிபெருக்கி வைக்கலாமா?

பதில்: 20 பேருக்கு எதற்கு? சென்னையில் ஒரு சபையின் வழக்கில், ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும்.

கேள்வி: இத்தனை கஷ்டத்தில் சந்தோஷம் எது, ஐயா?

பதில்: நிறைய. ஒன்று சொல்கிறேன். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது எங்கள் சபைப் பெண்களின் வழக்கம். ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சொன்னால் அவமானம் என்று இருந்தேன். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா பிடி அரிசி டப்பாவோடு வந்து, "பாஸ்டர், இந்த வாரம் இது உங்களுக்குத்தான்" என்றார். எங்களுக்காக ஜெபித்துவிட்டுப் போனார். அதுவரை நான்தான் அவர்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: நான்தான் அந்தச் சுயாதீன சபைப் போதகர். பக்கத்துச் சேகரத்திலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் என்னிடம் இருக்கின்றன. திரும்பிப் போகச் சொன்னால் மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: அவர்களை அனுப்ப வேண்டாம், நீங்கள் போங்கள். அந்தக் குருவானவரைப் பார்த்து, இன்னார் என்னிடம் வருகிறார்கள் என்று நேரில் சொல்லுங்கள். ஞாயிறு மட்டும் போகாதீர்கள். மூன்று ஊர் ஆராதனை முடித்துக் களைத்திருப்பார். திங்கள் சாயங்காலம் போங்கள்.