கார் கேள்வி-பதில்: ஆட்டோமேட்டிக் வண்டி மீட்டர் மேனுவலுக்குச் சரிப்படுமா?

வணக்கம் சார். என்னுடையது 2017 மாடல் பெட்ரோல் கார், மேனுவல் கியர். 2023 மிக்ஜாம் புயலில் வண்டிக்குள் சீட் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதிலிருந்து ஸ்பீடு முள் திடீர் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. ஓடோமீட்டர் டிஸ்ப்ளேயும் பாதிதான் தெரிகிறது. புது மீட்டர் விலை கட்டுப்படியாகாது. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில் இதே மாடல் ஆட்டோமேட்டிக் வண்டியில் கழற்றிய மீட்டர் இருக்கிறது, பிளக் அப்படியே உட்காரும், தாராளமாக மாட்டலாம் என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், வேளச்சேரி)

பிளக் உட்காருவதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே மாடலில் மேனுவல், ஆட்டோமேட்டிக், பெட்ரோல், டீசல் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே டேஷ்போர்டு, ஒரே பிளக்தான் போடுகிறார்கள், அதனால் எந்த மீட்டரைக் கொண்டுவந்தாலும் அந்த இடத்தில் உட்காரத்தான் செய்யும். உள்ளே இருக்கும் புரோகிராம்தான் வேறு.

அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் மீட்டர்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று யார் சொன்னது? தண்ணீர் சீட் உயரத்தோடு நின்றிருந்தால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அவ்வளவு மேலே இருக்கும் மீட்டரைத் தொட்டிருக்க வாய்ப்பு குறைவு. நனைந்தது கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரிங், கால் பக்கத்தில் இருக்கும் கனெக்டர்கள், பாடியில் போல்ட் போட்ட எர்த் பாயின்ட்கள். அந்தக் கனெக்டர்களைப் பிரித்துப் பார்த்தால் பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். முள் விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். டிஸ்ப்ளே பாதி தெரிவது மட்டும் மீட்டரின் சொந்தக் கோளாறு. ஆக இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாகவும் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் இடம்) ஸ்கேனரைச் செருகச் சொல்லி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். முள் விழும் நேரத்தில் ஸ்கேனரில் வேகம் சரியாகக் காட்டினால் கோளாறு மீட்டரிலோ மீட்டருக்கு வரும் வயரிலோ இருக்கிறது. ஸ்கேனரிலும் பூஜ்யம் ஆனால் ஸ்பீடு சென்சார், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகிவிடாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார், இல்லையென்றால் அங்கிருந்து வரும் வயர். அப்படி இருந்தால் எத்தனை மீட்டர் மாற்றினாலும் முள் விழுந்துகொண்டுதான் இருக்கும், பணம்தான் தண்டம்.

சரி, மீட்டர்தான் போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இப்போதைய கார்களில் மீட்டருக்கு ஒவ்வொரு தகவலுக்கும் தனி வயர் போவதில்லை. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற முறையில், முறுக்கிய இரண்டே வயர்களில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் பேசிக்கொள்கின்றன. இன்ஜின் கம்ப்யூட்டர் ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) சூட்டையும் சொல்லும், ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியர் கம்ப்யூட்டர் எந்த கியரில் இருக்கிறது என்று சொல்லும். மீட்டர் இவற்றைக் கேட்டுக் காட்டுகிறது. உங்கள் வண்டியில் கியர் கம்ப்யூட்டரே கிடையாது. ஆட்டோமேட்டிக் மீட்டரோ அதன் குரலுக்காகக் காத்திருக்கும். வேகமும் ஆர்பிஎம்மும் ஒழுங்காக ஓடினாலும் கியர் காட்டும் இடம் காலியாக நிற்கலாம், கோடு மின்னலாம், கியர் வார்னிங் லைட் அணையாமல் எரியலாம். ஸ்கேன் செய்தால் யு0101 என்ற கோளாறுக் குறியீடு வரக்கூடும். கியர் கம்ப்யூட்டரோடு தொடர்பு இல்லை என்று அதற்கு அர்த்தம். சில கம்பெனி மீட்டர்களை ஸ்கேனர் வைத்து 'மேனுவல்' என்று கோடிங் மாற்றிவிடலாம், சிலவற்றில் அது முடியவே முடியாது.

என் கருத்தில் உங்கள் பழைய மீட்டரை ரிப்பேர் செய்வதே முதல் வழி. பாதி டிஸ்ப்ளே என்பது பெரும்பாலும் சால்டர் விட்டுப்போனதுதான், அல்லது டிஸ்ப்ளேயை போர்டோடு இணைக்கும் ரிப்பன் கழன்றிருக்கும். கைநேர்த்தியான ஆள் கிடைத்தால் முடிந்துவிடும். முள்ளை மட்டும் விரலால் சுற்றிப் பார்க்க விடாதீர்கள், அதன் பின்னால் இருக்கும் சின்ன மோட்டாரின் கணக்கு தவறிவிடும். கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள், பக்கத்திலேயே ஏர்பேக் வயர் இருக்கிறது.

ரிப்பேர் ஆகவில்லையா? அப்புறம் புதுப்பேட்டைக்குப் போங்கள், ஆனால் மேனுவல் மீட்டராகத் தேடுங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். கடையில் 12 வோல்ட் கொடுத்து லைட்டை எரியவிட்டுக் காட்டுவார்கள். லைட் எரிகிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் தெரியாது, வண்டியில் மாட்டிப் பார்த்துத் திருப்பித் தர ஒப்புக்கொண்டால் மட்டும் காசு கொடுங்கள்.

கிலோமீட்டர் விஷயத்தில் கறாராக இருங்கள். மீட்டரோடு அந்தப் பழைய வண்டியின் ஓட்டமும் சேர்ந்தே வரும். உங்கள் மீட்டரின் மெமரியிலிருந்து உண்மையான கணக்கை எடுத்து இதில் ஏற்றச் சொல்லுங்கள், இரண்டு ரீடிங்கையும் பில்லில் எழுதி வாங்கி, போட்டோவும் எடுத்து வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது குறைந்த ஓட்டத்தைக் காட்டி விற்றால் அது மோசடி, வாங்குகிறவர் போலீஸுக்குப் போகலாம்.

என் வண்டி ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் வண்டியே பார்த்துக்கொள்ளும் வகை). மீட்டர் போனதும் மெக்கானிக் மேனுவல் மீட்டரை மாட்டிவிட்டார். ஓடுகிறது, கியர் மட்டும் காட்டவில்லை. அப்படியே ஓட்டலாமா? (வாசகி, குரோம்பேட்டை)

வேண்டாம் மேடம், மாற்றிவிடுங்கள். உங்கள் கேள்விதான் மேலே இருப்பதைவிட அவசரமானது. ஏஎம்டி வண்டிகள் பலவற்றில் 'பி' என்ற பார்க்கிங் நிலையே இல்லை. இன்ஜினை அணைக்கும்போது கியர் விழுந்திருக்கிறதா, நியூட்ரலில் நிற்கிறதா என்பதை மீட்டரைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள முடியும். லீவரை நகர்த்தியதும் கியர் உடனே விழுந்துவிடும் என்றும் சொல்ல முடியாது, ஒரு நொடி தாமதமாகும். ரிவர்ஸ் விழுந்துவிட்டதென்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ன ஆகும்? அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் இது விளையாட்டல்ல. சரியான மீட்டர் கிடைக்கும்வரை ஹேண்ட்பிரேக் போடாமல் வண்டியை விட்டு இறங்காதீர்கள், யாருக்கும் ஓட்டக் கொடுக்கவும் வேண்டாம்.

பேஸ் மாடலில் ஆர்பிஎம் மீட்டர் இல்லை. டாப் மாடல் மீட்டரை மாட்டினால் வேலை செய்யுமா? (வாசகர், அம்பத்தூர்)

அதே வருடம், அதே பெட்ரோல், அதே மேனுவல் என்றால் பெரும்பாலும் செய்யும், ஆர்பிஎம் தகவல் எப்படியும் வயரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. டாப் மாடலில் இருக்கும், ஆனால் உங்கள் வண்டியில் இல்லாத ஏர்பேக், ஏபிஎஸ் போன்றவற்றின் வார்னிங் லைட் அணையாமல் எரியக்கூடும், பல்பைப் பிடுங்கி அதை மறைக்கும் வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களுடையது 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வண்டி என்றால் அதற்கு முந்தைய மீட்டர் வேண்டாம், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அடிக்கும் பீப் சத்தம் போய்விடலாம். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகள் சிலவற்றில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசரே மீட்டருக்குள் இருக்கிறது, வேறு மீட்டர் போட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் நின்றுவிடும். ஆர்பிஎம் மட்டும் பார்த்தால் போதும் என்றால் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் ரீடர் ஒன்று வாங்கி போனில் பாருங்கள், டேஷ்போர்டைப் பிரிக்கவே வேண்டாம்.