ஜீனோம் பிரவுசர் ஏன் தவழ்கிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக ஓடிய ஜிபிரவுஸ் என்ற ஜீனோம் பிரவுசரை (ஜீனோமை, அதாவது உயிரியின் முழு டிஎன்ஏ வரிசையை, படமாகக் காட்டும் மென்பொருளை) விட்டுவிட்டு, அதே வகையான ஜேபிரவுஸ் 2-க்கு மாற விரும்புகிறோம். பதிவிறக்கி, விரித்து, முகப்புக் கோப்பை இருமுறை சொடுக்கினால் எதுவும் ஏற்றப்படவில்லை. எதை நிறுவ மறந்தோம்?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: நிறுவ வேண்டியதில் எதையும் நீங்கள் மறக்கவில்லை, திறந்த வழிதான் தவறு. கணினியின் வட்டிலிருந்து நேரடியாகத் திறக்கப்படும் பக்கம், பக்கத்திலேயே இருக்கும் பிற கோப்புகளைப் படிப்பதை இணைய உலாவிகள் பாதுகாப்புக் கருதித் தடுத்துவிடுகின்றன. ஆகவே, சொந்தக் கணினியில் பார்ப்பதானாலும் ஒரு வெப் சர்வர் வழியாகவே திறக்க வேண்டும். அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் பரிமாறும் கோப்புறையில் விரித்து வைத்தாலே போதுமானது.

2002-இல் வெளிவந்த ஜிபிரவுஸில் படம் வரையும் வேலை முழுவதும் சர்வரிடம் இருந்தது. நீங்கள் இடமோ வலமோ நகரும்போதெல்லாம் ஒரு பெர்ல் நிரல் தரவுத்தளத்தைக் கேட்டு, படத்தைத் தீட்டி, உங்களுக்கு அனுப்பியது. 2009-இல் வந்த ஜேபிரவுஸ் அந்தத் தூரிகையைப் பயனரின் உலாவியிடம் கொடுத்துவிட்டது. இப்போதைய ஜேபிரவுஸ் 2-க்குத் தரவுத்தளமும் வேண்டாம், பெர்லும் வேண்டாம், ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்.ஜேஎஸ் கூட, டிராக்குகளை (ஒவ்வொரு தரவுக் கோப்பையும் தனி வரிசையாகக் காட்டும் பட்டைகளை) சேர்க்கும் கட்டளைக் கருவியை இயக்கும் கணினியில் இருந்தால் போதும். பைத்தானுடன் வரும் சிறிய வெப் சர்வரை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: பக்கம் திறக்கிறது. ஆனால் 90 ஜிபி அளவுள்ள பாம் கோப்பை (ரீடுகள், அதாவது கருவி படித்த டிஎன்ஏ துண்டுகள், ஜீனோமில் பொருந்தும் இடங்களுடன் அடங்கியது) டிராக்காகச் சேர்த்ததும் உலாவியே உறைந்துவிடுகிறது. சர்வரின் நினைவகத்தை 64 ஜிபியிலிருந்து 128 ஜிபியாக உயர்த்தினால் சரியாகுமா?
– தகவல் உயிரியல் ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவர்

பதில்: ஆகாது; அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். கோப்பின் ஒரு கீற்றை வெட்டிக் கொடுப்பதைத் தவிர சர்வருக்கு இங்கே பெரிய வேலை இல்லை. ஆனால் அதை வெட்டிக் கொடுக்கிறதா, இல்லை கோப்பு முழுவதையும் தள்ளிவிடுகிறதா என்பதில்தான் வேகம் அடங்கியிருக்கிறது.

ஜிஸிப் முறையில் சுருக்கிய சாதாரணக் கோப்பை நடுவிலிருந்து விரிக்க முடியாது. பாம் கோப்போ, ஒவ்வொன்றும் 64 கேபிக்கு மிகாத சிறு பொட்டலங்களாகச் சுருக்கி அடுக்கப்பட்டது. உடன் இருக்கும் பாய் என்ற இன்டெக்ஸ் கோப்பு, குரோமோசோமின் ஒவ்வொரு 16,384 காரங்களுக்கும் (டிஎன்ஏ எழுத்துகளுக்கும்) எந்தப் பொட்டலத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று சொல்கிறது. ஜீனோம் பிரவுசர் முதலில் இன்டெக்ஸைப் படித்து, பிறகு ‘இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை மட்டும் கொடு’ என்று சர்வரிடம் கேட்கிறது. பைத்தானின் சிறிய சர்வர் போன்றவை அந்த வரம்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கோப்பைத் தொடக்கத்திலிருந்தே அனுப்பத் தொடங்கிவிடுகின்றன.

சோதிப்பது எளிது. உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு ஜீனின் அளவுக்கு உருப்பெருக்கிப் பாருங்கள். பாம் கோப்பின் பெயருள்ள வரிகளில் நிலை எண் 206 என்று இருந்தால் கீற்று வருகிறது. 200 என்று இருந்தால் 90 ஜிபியும் கிளம்பிவிட்டது என்று பொருள்.

206 வந்தும் பிழை காட்டினால் சர்வர் அனுப்பும் பதிலின் தலைப்புவரிகளைப் பாருங்கள். சில சர்வர்கள் ‘.ஜிஇஸட்’ என்று முடியும் கோப்பு எதைக் கண்டாலும் ‘இது வழியில் சுருக்கப்பட்டது’ என்று தாமாகவே முத்திரை குத்துகின்றன. உலாவி அதை நம்பி விரித்துவிட, ஏற்கெனவே பிரித்த பொட்டலத்தை ஜீனோம் பிரவுசர் மீண்டும் பிரிக்க முயன்று தோற்கிறது. விசிஎஃப் கோப்பு (மரபணு வேறுபாடுகளின் பட்டியல்) ஒன்றில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அதுவரை கோப்பு பழுதென்று நினைத்து மூன்று முறை புதிதாக உருவாக்கியிருந்தேன். அந்தக் கோப்புறைக்கு மட்டும் அந்த முத்திரையை நிறுத்தும்படி சர்வர் அமைப்பில் எழுதினால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் உறைகிறது என்றால், நீங்கள் பார்க்கும் தொலைவு தவறு. மனிதனின் முதல் குரோமோசோமில் ஏறத்தாழ 24.9 கோடிக் கார இணைகள் உள்ளன. அதை 1,500 பிக்சல் அகலத் திரையில் முழுதாக விரித்தால் ஒரு பிக்சலுக்கு 1.66 லட்சம் காரங்கள் விழும். அந்த நெரிசலில் தனித்தனி ரீடுகளை வரையச் சொல்வதில் பொருளில்லை. தூரப் பார்வைக்கு, கவரேஜை (ஒவ்வோர் இடத்திலும் எத்தனை ரீடுகள் விழுகின்றன என்ற எண்ணிக்கையை) முன்கூட்டியே கணக்கிட்டு பிக்விக் கோப்பாகத் தனி டிராக்கில் வையுங்கள். பல உருப்பெருக்க நிலைகளுக்கான சுருக்கக் கணக்குகள் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், குரோமோசோம் முழுவதையும் கேட்டாலும் சிறிதளவு தரவே வரும். பாம் டிராக், கிட்டப் போய்ப் பார்க்கும்போது மட்டும் திறக்கட்டும்.

கேள்வி: டிராக் பிழையின்றி ஏறுகிறது, ஆனால் எங்கும் வெறுமை.

பதில்: பெரும்பாலும் பெயர்த் தகராறு. ஜீனோம் வரிசை இருக்கும் ஃபாஸ்டா கோப்பில் ‘சிஎச்ஆர்1’ என்றும் விசிஎஃப்பில் வெறும் ‘1’ என்றும் இருந்தால், அவை இரண்டும் ஒன்று என்று கணினிக்குத் தெரியாது. மாற்றுப்பெயர்ப் பட்டியல் கோப்பு ஒன்றை அசெம்பிளியுடன் (அடிப்படையாக வைக்கும் ஜீனோம் வரிசையுடன்) இணைத்தால் தீரும்.

கேள்வி: கோதுமைத் தரவுக்கு இன்டெக்ஸ் செய்யும்போது, பாம் கோப்புகளைக் கையாளும் சாம்டூல்ஸ் கருவி மறுக்கிறது. மனிதத் தரவுக்கு இதே கட்டளை வேலை செய்தது.
– பயிர் மரபியல் ஆய்வாளர் ஒருவர்

பதில்: பாய் இன்டெக்ஸ் 2-இன் 29-ஆம் அடுக்குவரை, அதாவது 53,68,70,912 காரங்கள்வரைதான் எண்ணும், மனித குரோமோசோம்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். கோதுமையின் 3பி குரோமோசோம் 80 கோடியைத் தாண்டுகிறது. இத்தகைய நீளங்களுக்காகவே சிஎஸ்ஐ என்ற இன்டெக்ஸ் வடிவம் இருக்கிறது. சாம்டூல்ஸ், விசிஎஃப் போன்ற கோப்புகளை இன்டெக்ஸ் செய்யும் டேபிக்ஸ் இரண்டிலும் ஒரு விருப்பத்தேர்வைச் சேர்த்தால் உருவாகிவிடும், ஜேபிரவுஸ் 2-உம் அதைப் படிக்கும். டிராக்கைச் சேர்க்கும்போது இன்டெக்ஸின் வகையை மாற்றிக் குறிப்பிட மறக்காதீர்கள். குரோமோசோமை இரண்டாக வெட்டித் தப்பிக்கும் வழக்கமும் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இரண்டாம் பாதியில் உள்ள ஒவ்வொரு ஜீனின் இடத்தையும் பிறருடன் பேசும்போதெல்லாம் கூட்டிக் கழிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: யுசிஎஸ்சி (கலிபோர்னியா பல்கலைக்கழகம், சான்டா குரூஸ்) ஜீனோம் பிரவுசர் முழுவதையும் எங்கள் சர்வரிலேயே நிறுவ முடியுமா?

பதில்: முடியும். நிறுவும் வேலையை அவர்களே ஒரு ஸ்கிரிப்டாக எழுதித் தந்திருக்கிறார்கள். ஆனால் எல்லாத் தரவையும் இறக்கினால் டெராபைட் கணக்கில் வட்டிடம் போகும்; தேவையான அசெம்பிளியை மட்டும் இறக்குவது நல்லது. உங்கள் டிராக்குகளை அங்குள்ள டிராக்குகளின் அருகே வைத்துப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால், நிறுவவே வேண்டாம்: வெளியிலிருந்து அணுகக்கூடிய சர்வரில் கோப்புகளை வைத்து, டிராக் ஹப்பாக அதன் முகவரியைக் கொடுத்தால் போதும். அங்கேயும் கீற்றுக் கீற்றாகவே படிக்கப்படும் என்பதால், மேலே சொன்ன 206 சோதனையை முதலில் செய்துவிடுங்கள். வணிக நிறுவனத்துக்காக நிறுவுவதானால் அதற்குத் தனி உரிமம் பெற வேண்டும். ஜேபிரவுஸ் 2-க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.