பூனையின் அடிமுதுகு எலும்பு ஆடினால் ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: என் பூனைக்கு 9 வயது. சில மாதங்களாக உயரத்துக்குத் தாவுவதில்லை. வாலைத் தொங்கவிட்டே நடக்கிறது, மலம் கழிக்கவும் முக்குகிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், அடிமுதுகு மூட்டு தளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: எக்ஸ்ரேயை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். வயதான பூனைகள் பலவற்றுக்கு அந்த மூட்டில் தேய்மானம் தெரியும், ஆனால் தொந்தரவே இருக்காது. நரம்பு நசுங்குகிறதா என்பதுதான் கேள்வி. அதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் நன்றாகக் காட்டும்.

பூனைக்கு இடுப்புப் பகுதியில் 7 முள்ளெலும்புகள். ஏழாவதும் அதை அடுத்து, வாலுக்கு முன்னால் இருக்கும் திரிக எலும்பும் சேருமிடம்தான் அந்த மூட்டு. அது தளர்ந்தால், டிஸ்க் பிதுங்கியும் தசைநார் தடித்தும் நரம்புகளை அழுத்தும். வாலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகள் அங்கேதான் ஓடுகின்றன. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இதற்குப் பொருந்துகின்றன. ஆனால் இடுப்பு மூட்டுவாதமும் தாவ விடாது என்பதால், அதையும் பார்த்துவிட வேண்டும்.

வலி மட்டும் என்றால் முதலில் சில வாரம் ஓய்வும் வலி மருந்தும் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு மசியாவிட்டால், கால் பலவீனமானால், சிறுநீர் தானாகச் சொட்ட ஆரம்பித்தால் தள்ளிப்போடக் கூடாது. வலி குறைவதை ஆபரேஷனில் பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். நாளாகிப் போன சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பும் என்று அப்படிச் சொல்ல முடியாது.

ஆபரேஷனில் எலும்பின் மேற்கூரையை எடுத்து, பிதுங்கிய டிஸ்க்கை அகற்றி நரம்பை விடுவிப்பார்கள். மூட்டு உண்மையிலேயே ஆடினால் அது மட்டும் போதாது. ஸ்க்ரூ அல்லது உலோகப் பின் போட்டு, எலும்பு சிமெண்ட்டால் இறுக்குவதும் உண்டு. பூனையின் எலும்பு சின்னது, தவறான இடத்தில் இறங்கிய ஸ்க்ரூ நரம்பையே குத்திவிடும். அதனால் இந்த வேலையைப் பூனைகளிடம் செய்து பழகிய சர்ஜனாகத் தேடுங்கள். "நரம்பை விடுவிப்பது மட்டுமா, மூட்டையும் இறுக்கப் போகிறீர்களா, ஏன்?" என்று நேராகக் கேளுங்கள்.

அப்புறம் 4 முதல் 6 வாரம் கூண்டுக்குள் ஓய்வு. தாவவே விடக் கூடாது. மலத்தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். சிறுநீர் முழுதாக வெளியேறுகிறதா என்று தினமும் கவனியுங்கள். தானாகப் போகாவிட்டால் பையை அழுத்தி எடுக்கும் முறையை டாக்டரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடவே கூடாது. ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும்.